பழைய இம்போர்டட் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கலாமா? கேள்வி பதில்

இருபது, முப்பது வயதான வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார்களோடு பதினேழு வருடமாகப் பழகி வருகிறேன். என்னிடம் இருப்பது 1990களில் வந்த, கூரை மடக்கும் இரண்டு சீட்டர். அது போக, நண்பர்கள் வாங்குவதற்கு முன் நான் அடியில் படுத்துப் பார்த்த கார்கள் நிறைய. கேட்டவர்களுக்கு எனக்குத் தெரிந்ததை அப்படியே சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, 2001 மாடல் போர்ஷே பாக்ஸ்டர் ஒன்று சாதாரண புது கார் விலைக்கு வருகிறது. வாங்கினால் வருடத்துக்கு எவ்வளவு செலவு வைக்கும்?

பதில்: ஒரு தொகையைச் சொன்னால் உங்களை ஏமாற்றியது போலாகிவிடும் தம்பி. முதல் வருடமும் மூன்றாம் வருடமும் ஒன்றாக இருக்காது. காரின் விலைதான் இறங்கியிருக்கிறது, ஸ்பேர் பார்ட்ஸ் விலை இறங்கவில்லை. புதிதாக வந்தபோது அது எந்த விலைக் காரோ, அந்த விலைக்குத் தக்கதுதான் அதன் பிரேக் டிஸ்க்கும் கிளட்சும். முந்தைய ஓனர் தள்ளிப்போட்ட வேலையெல்லாம் சேர்ந்து உங்கள் முதல் வருடத்தில் வந்து நிற்கும். அதனால் கையில் இருக்கும் பணம் முழுவதையும் காருக்குக் கொடுத்துவிடாதீர்கள். நான்கில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, மீதிக்கு எந்தக் கார் வருமோ அதைப் பாருங்கள். நான்கு டயர், எல்லா ஆயிலும், கூலன்ட், பேட்டரி, பெல்ட், தேய்ந்துபோன சஸ்பென்ஷன் ரப்பர் புஷ் என்று போட்டாலே அந்தப் பங்கில் பெரும்பகுதி கரைந்துவிடும். ஆனால் அதை முதல் வருடமே ஒழுங்காகச் செய்து முடித்தவர்கள் அடுத்த இரண்டு மூன்று வருடம் நிம்மதியாக ஓட்டுவதைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

பாக்ஸ்டர் பார்க்கப் போனால் டார்ச் ஒன்று எடுத்துப் போங்கள். முன் பம்பரின் இரண்டு பக்கமும் காற்று நுழையும் ஓட்டைக்குள் அடித்துப் பாருங்கள், ரேடியேட்டர்கள் அங்கேதான் இருக்கின்றன. பல கார்களில் உள்ளே சருகு அடைந்து, ஈரம் தங்கி, ஏசி கண்டென்சரும் ரேடியேட்டரும் அரித்துப்போய் இருக்கும். அங்கே சுத்தமாக இருந்தால் ஓனர் காரைக் கவனித்திருக்கிறார் என்று நம்பலாம்.

கேள்வி: அந்தக் காலத்து போர்ஷே பாக்ஸ்டர், 911 இரண்டிலும் ஏதோ ஒரு பேரிங் போனால் இன்ஜினே போய்விடும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மைதான், ஆனால் பயமுறுத்தும் அளவுக்கு எல்லா காரிலும் நடப்பதில்லை. ஐஎம்எஸ் பேரிங் என்பார்கள். இன்ஜினுக்குள் கிராங்கிலிருந்து, வால்வுகளை இயக்கும் கேம் செயின்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் இடைத் தண்டு ஒன்று உண்டு. அதன் ஒரு முனையைத் தாங்குவது அந்த பேரிங். உள்ளேயே கிரீஸ் வைத்து மூடி அனுப்பினார்கள். நாளாக ஆக சீல் வழியே இன்ஜின் ஆயில் கசிந்து நுழைந்து கிரீஸைக் கழுவிவிடும், ஆனால் பேரிங்குக்குத் தேவையான அளவு புது ஆயில் போய்ச் சேராது. அது உடைந்தால் செயின் இடம் மாறி வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும்.

ஆரம்பக் கார்களில் இரட்டை வரிசை பேரிங், அது பரவாயில்லை. 2000லிருந்து 2005 வரை பெரும்பாலும் ஒற்றை வரிசை, அதுதான் பலவீனம். அதன்பின் 2008 வரை பெரிதாக்கினார்கள், ஆனால் இன்ஜினைப் பிரிக்காமல் அதை வெளியே எடுக்க முடியாது. 2009லிருந்து வந்த புது இன்ஜினில் அந்தத் தண்டே கிடையாது. 996 என்று குறிக்கப்படும் அந்தக் காலத்து 911இல் டர்போ, ஜிடி3 இரண்டும் வேறு இன்ஜின், இந்தத் தொல்லை இல்லை. பேரிங்கை வெளியே எடுக்க முடிகிற கார்களிலும் கியர்பாக்ஸை இறக்கினால்தான் அதைத் தொட முடியும் என்பதால், கிளட்ச் மாற்றும்போதே இதையும் பின்பக்க ஆயில் சீலையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். கூலி ஒரே தடவையோடு போகும்.

ஒவ்வொரு ஆயில் சர்வீஸிலும் பழைய ஃபில்டரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதன் மடிப்புகளை வெள்ளைத் தாள்மேல் ஒவ்வொன்றாக விரித்து, வெயிலில் சாய்த்துப் பாருங்கள். மினுமினுப்பு தெரிந்தால் காந்தத்தைக் கிட்டே கொண்டுபோங்கள். ஒட்டிக்கொண்டால் அது இரும்பு, அன்றோடு காரை நிறுத்துங்கள்.

கேள்வி: 1997 மாடல், நாற்பதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. இன்னொன்று அதே மாடல், ஒன்றரை லட்சம் கிலோமீட்டர். விலை வித்தியாசம் நிறைய. எதை வாங்குவது?

பதில்: சர்வீஸ் பில் எல்லாம் கையில் இருக்கிறது என்றால் நான் ஒன்றரை லட்சத்தைத்தான் எடுப்பேன். இதைப் பலர் நம்புவதில்லை, ஆனால் பழைய காரை அழிப்பது கிலோமீட்டர் இல்லை, வயது. ரப்பர் ஹோஸ், சீல், புஷ், கூலன்ட் போகும் பிளாஸ்டிக் இணைப்பு எதுவும் ஓடோமீட்டரைப் பார்த்து வயதாவதில்லை.

என் காரே அப்படித்தான் எனக்குப் புரிய வைத்தது. ஷெட்டிலேயே வளர்ந்த கார் என்று வாங்கினேன், பளபளவென்று இருந்தது. இரண்டாம் வாரம், மேட்டில் ஏறும்போது டாஷ்போர்டிலிருந்து இனிப்பான ஒரு வாசனை. கூலன்ட் வாசனை அது, ஒரு தடவை முகர்ந்தால் மறக்காது. நிறுத்தி பானெட்டைத் திறந்து, இன்ஜினுக்குப் பின்னால் ஹீட்டருக்குப் போகும் ஹோஸைத் துணி சுற்றிய விரலால் லேசாக அழுத்தினேன். சருகு மாதிரி நொறுங்கியது. ஹோஸின் மேல் தயாரித்த வருடம் அச்சாகி இருந்தது, காரின் வயதேதான் அதற்கும். அன்றைக்கு எல்லா ஹோஸையும் மாற்ற முடிவு செய்தேன். அதற்கப்புறம் இன்றுவரை அந்தக் கார் என்னை வழியில் விட்டதில்லை.

டயரும் இதே கதைதான். பட்டன் முழுசாக இருக்கிறதே என்று பார்க்காதீர்கள். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2311 என்றால் 2011ஆம் வருடத்தின் 23ஆவது வாரத்தில் தயாரானது. அப்படிப்பட்ட டயரோடு வேகம் போக நான் சம்மதிக்கவே மாட்டேன்.

கேள்வி: தினமும் வேலைக்கு ஓட்டிப் போகலாமா?

பதில்: தாராளமாக, ஆனால் வேறொரு வண்டியும் கைவசம் இருக்க வேண்டும். பழுது பெரிதாக இல்லாவிட்டாலும் பாகம் வந்து சேர மூன்று வாரம் ஆகலாம்.

கேள்வி: மாஸ்டா ஆர்எக்ஸ்-7 மேல் சின்ன வயதிலிருந்தே ஆசை. ரோட்டரி இன்ஜின் ஆயில் குடிக்கும் என்கிறார்கள். கோளாறா?

பதில்: கோளாறு இல்லை, அதன் அமைப்பே அப்படி. பிஸ்டனுக்குப் பதிலாக உள்ள முக்கோண ரோட்டரின் மூன்று முனையிலும் ஏபெக்ஸ் சீல் என்ற மெல்லிய பட்டை, அறையின் சுவரை உரசிக்கொண்டே சுற்றும். அதை வழுக்க வைக்கச் சின்ன பம்ப் ஒன்று கொஞ்சம் கொஞ்சமாக ஆயிலை உள்ளே விடும், அது பெட்ரோலோடு சேர்ந்து எரிந்துவிடும். ஆயில் குறையவே இல்லை என்று ஒருவர் பெருமையாகச் சொன்னால்தான் நான் கவலைப்படுவேன். பெட்ரோல் போடும்போதெல்லாம் டிப்ஸ்டிக்கைப் பார்க்கும் பழக்கம் வேண்டும். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, ஷெட்டுக்குள் இரண்டடி நகர்த்திவிட்டு உடனே ஆஃப் செய்யாதீர்கள், பெட்ரோல் தேங்கி மறுபடி எடுக்காது.

வாங்கும் முன் ரோட்டரிக்கென்றே உள்ள மீட்டரில் கம்ப்ரஷன், அதாவது உள்ளே காற்று எவ்வளவு அழுத்தமாகிறது என்று பார்க்க வேண்டும். சாதாரண மீட்டர் ஒவ்வொரு ரோட்டரின் மூன்று முகத்தையும் தனித்தனியாகக் காட்டாது. அது கிடைக்கவில்லை என்றால், நன்றாக ஓட்டிச் சூடாக்கி, நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். வெகுநேரம் இழுத்து இழுத்து எடுத்தால் சீல் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம்.

கேள்வி: நேரடியாக ஜப்பானிலிருந்து வந்த காருக்கும், அதே மாடல் மற்ற நாடுகளில் விற்றதற்கும் பராமரிப்பில் என்ன வித்தியாசம் சார்?

பதில்: பாகம் தேடும்போதுதான் வித்தியாசம் தெரியும். அந்தக் கார்களில் வழக்கமான, எழுத்தும் எண்ணும் கலந்த 17 இலக்க சேஸிஸ் எண் இருக்காது. டொயோட்டா சூப்ரா என்றால் ஜேஇசட்ஏ80, நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் என்றால் பிஎன்ஆர்32 என்று மாடல் குறியும் அதன்பின் வரிசை எண்ணும்தான். நம் பக்கத்து கம்ப்யூட்டர் அதை ஏற்றுக்கொள்ளாது, இன்சூரன்ஸ் படிவமும் தடுமாறும். ஜப்பான் பார்ட்ஸ் கேட்டலாக்கில் அந்தக் குறியை வைத்து பார்ட் நம்பரை எடுத்து, அந்த நம்பரைச் சொல்லிக் கேளுங்கள். மாடல் பெயரைச் சொல்லிக் கேட்டால் தப்பான பாகம்தான் வரும்.

விற்பவரிடம், ஜப்பானில் ஏலம் விட்டபோது காரின் நிலையைக் குறித்த ஏலத் தாளைக் கேளுங்கள். கிரேடு, கிலோமீட்டர், பாடியின் எந்தப் பகுதியில் என்ன கீறல் என்பது வரை படம் போட்டுக் குறித்திருப்பார்கள். கிரேடு இருக்கும் இடத்தில் ஆர் என்று இருந்தால் அடிபட்டுச் சரிசெய்த கார். அதற்காக ஒதுக்க வேண்டியதில்லை, எங்கே அடி என்று தெரிந்தால் போதும். அப்புறம், ரேடியோவில் உங்கள் ஊர் ஸ்டேஷன் பாதி கிடைக்காது. அங்கே பழைய செட்டுகள் 76லிருந்து 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான் பிடிக்கும்.

கேள்வி: பிஎம்டபிள்யூ எம்3, இ46 மாடல். எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: பின்பக்க சஸ்பென்ஷனைத் தாங்கும் சப்ஃபிரேம் வந்து சேரும் இடத்தில் பாடித் தகடு விரிசல் விட்டிருக்கிறதா, இன்ஜினில் கனெக்டிங் ராட் பேரிங் எப்போது மாற்றினார்கள், வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் வேனோஸ் அமைப்பில் வேலை நடந்திருக்கிறதா, இந்த மூன்றும். லிஃப்டில் ஏற்றாமல் காசு கொடுக்காதீர்கள். இன்ஜின் குளிர்ச்சியாக இருக்கும்போது ஆர்பிஎம் மீட்டரில் மேல் பக்கம் சின்ன விளக்குகள் எரியும், ஆயில் சூடாக ஆக ஒவ்வொன்றாக அணையும். ஓட்டிக் காட்டும் ஓனர் அவை அணையும் வரை பொறுமையாக இருக்கிறாரா என்று பக்கத்து சீட்டிலிருந்து கவனியுங்கள். எனக்கு அது பில்லை விடப் பெரிய சாட்சி.

கேள்வி: முதல் ஸ்போர்ட்ஸ் கார், செலவு குறைவாக வேண்டும். ஒரே பெயர் சொல்லுங்கள்.

பதில்: மாஸ்டா எம்எக்ஸ்-5. முதல் தலைமுறையில் டைமிங் பெல்ட் அறுந்தால்கூட வால்வு பிஸ்டனில் இடிக்காது. துருவுக்குத்தான் பயப்பட வேண்டும். கூரை மடியும் இடத்தின் இரண்டு ஓரத்திலும் மழைநீர் இறங்க ஓட்டை உண்டு, அது அடைத்துக்கொண்டால் தண்ணீர் கதவுக்குக் கீழே உள்ள சில் என்ற தகட்டுப் பெட்டிக்குள் தேங்கி உள்ளிருந்தே அரிக்கும். வளையும் ஒயர் ஒன்றை மெதுவாக விட்டுச் சுத்தம் செய்யுங்கள், வருடத்துக்கு இரண்டு தடவை போதும்.

கேள்வி: அண்ணா, அப்பாவின் பழைய இரண்டு கதவு கூப்பே கார் ஆறு வருடமாக நின்றபடியே இருக்கிறது. அவர் போன பிறகு யாரும் தொடவில்லை. பேட்டரி போட்டு ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம் தங்கச்சி, சாவியைத் திருப்பாதீர்கள். முதலில் டேங்கில் இருக்கும் பழைய பெட்ரோலை முழுவதும் எடுத்துவிடுங்கள், ஃபியூயல் ஃபில்டரை மாற்றுங்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் கொஞ்சம் ஆயில் விட்டு ஒரு நாள் ஊற விடுங்கள். மறுநாள் கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் போட்டு, இன்ஜின் சுற்றும் திசையிலேயே கையால் சுற்றுங்கள். மெதுவாகச் சுற்ற வேண்டும், எங்காவது பிடித்தால் பலம் கொடுக்காதீர்கள், மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். டைமிங் பெல்ட் இருக்கும் கார் என்றால் பெல்ட் மாற்றிய பிறகுதான் ஸ்டார்ட். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை இழுத்திருக்கும், அதுவும் ஹோஸும் டயரும் புதிதாக மாறும் வரை ரோட்டுக்கு வேண்டாம்.

முதல் தடவை ஓட விடும்போது அடியில் பெரிய அட்டை ஒன்றை விரித்து வையுங்கள். எந்த இடத்தில் எந்த நிறத்தில் சொட்டுகிறது என்று போட்டோ எடுத்துப் போடுங்கள், எது உடனே செய்ய வேண்டிய வேலை, எது பொறுக்கும் என்று சேர்ந்து பார்க்கலாம்.