கட்டிக்குள் ஆக்சிஜன் குறைந்தால் புற்றுநோய் ஏன் பரவுகிறது?

ஆக்சிஜன் கிடைக்காத செல் சாகத்தானே வேண்டும், புற்றுநோய் மட்டும் அதனால் ஏன் அதிகமாகப் பரவுகிறது, கூடுதலாக ஆக்சிஜன் கொடுத்தால் நின்றுவிடாதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சாகத்தான் செய்கின்றன. எல்லாமும் சாவதில்லை என்பதுதான் சிக்கல். ரத்தக்குழாயிலிருந்து ஆக்சிஜன் திசுவுக்குள் ஏறத்தாழ 100 முதல் 200 மைக்ரோமீட்டர் வரைதான் போகும். அதற்குள் வழியிலிருக்கும் செல்களே தீர்த்துவிடும். கட்டியின் மெல்லிய சீவலை நுண்ணோக்கியில் பாருங்கள்: குழாயை ஒட்டிச் சுறுசுறுப்பாகப் பெருகும் செல்கள், கொஞ்சம் தள்ளி ஆக்சிஜனுக்குத் தவிக்கும் ஓர் அடுக்கு, அதையும் தாண்டினால் செத்த திசு. தாம்லின்சன், கிரே என்ற ஆய்வாளர்கள் 1955இலேயே நுரையீரல் புற்றில் இதை அளந்து காட்டினார்கள். பரவலைப் பொறுத்தவரை கவனிக்க வேண்டியது அந்த நடு அடுக்கை. சாகாமலும் செழிக்காமலும் கிடக்கும் செல்கள் அவை.

அவற்றுக்குள் நடப்பது இது. ஹிஃப்-1 ஆல்ஃபா என்ற புரதத்தைச் செல் ஓயாமல் தயாரித்துக்கொண்டே இருக்கும். ஆக்சிஜன் இருந்தால் ஒரு நொதி அதிலுள்ள புரோலின் என்ற அமினோ அமிலத்தில் இரண்டு இடங்களில் ஹைட்ராக்சில் என்ற சிறு வேதிக்குழுவை ஒட்டும். அந்த அடையாளத்தை வி.எச்.எல். புரதம் பிடித்து அழிப்புக்கு அனுப்பிவிடும். அரை ஆயுள் 5 நிமிடம் அளவுதான். ஆக்சிஜன் குறைந்தால் நொதி ஓடாது, ஹிஃப் தேங்கும், உட்கருவுக்குள் போய் நூற்றுக்கணக்கான மரபணுக்களை முடுக்கிவிடும். இதைக் கண்டறிந்ததற்குத்தான் கேலின், ராட்க்ளிஃப், செமென்சா மூவருக்கும் 2019இல் நோபல்.

முடுக்கப்படுபவற்றில் வெஜ்ஃப் என்ற புரதம் புது ரத்தக்குழாய்களை வளர்க்கிறது. ஆனால் அவை கோணல்மாணலானவை, கசிபவை. ரத்தம் ஒழுங்காக ஓடாததால் பஞ்சம் தீர்வதில்லை. கசிவதால் புற்றுச்செல்கள் குழாய்க்குள் நுழைவது மட்டும் சுலபமாகிறது. ஸ்னெயில், ட்விஸ்ட் என்ற இரண்டு புரதங்கள் செல்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் ஈ-கேடெரின் என்ற புரதத்தைக் குறைக்க, செல் கூட்டத்திலிருந்து கழன்று நகரத் தொடங்குகிறது. லாக்ஸ் என்ற நொதி செல்களைச் சுற்றியுள்ள கொலாஜன் நார்களைக் குறுக்கே பிணைத்து இறுக்குகிறது; எலிகளில் அது நுரையீரலில் போய்ச் சேர்ந்து, புற்றுச்செல் வருவதற்கு முன்பே இடத்தைத் தயார் செய்வதும் தெரியவந்தது. இதோடு தேர்வும் நடக்கிறது: பழுதான செல்லைச் சாகவைக்கும் பி53 என்ற மரபணு கெட்டுப்போன செல்கள் ஆக்சிஜன் பஞ்சத்தில் எளிதில் சாகாது, ஆகவே மிஞ்சுவது அவையே.

மனிதர்களில் சான்று? 1996இல் ஹோக்கல் குழுவினர் கருப்பைவாய்ப் புற்றுக்குள் மின்முனை செலுத்தி அளந்தார்கள். ஆக்சிஜன் அழுத்தம் 10 மில்லிமீட்டர் பாதரசத்துக்குக் கீழே இருந்தவர்களுக்கு நோய்ப்போக்கு மோசம். கதிர்வீச்சு இல்லாமல் அறுவை மட்டும் செய்துகொண்டவர்களிலும் அப்படியே. எனக்கு முக்கியமாகப் படுவது இந்தக் கடைசி விவரம்தான். ஆக்சிஜன் இல்லாத செல்லைக் கொல்லக் கதிர்வீச்சு 2.5 முதல் 3 மடங்கு வேண்டும்; முழுக் காரணமும் அதுவாக இருந்திருந்தால் அறுவை மட்டும் நடந்தவர்களில் இந்த வேறுபாடு வந்திருக்காது.

ஆய்வகத்தில் இதைச் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. செல் வளர்க்கும் வழக்கமான இன்குபேட்டரில் ஆக்சிஜன் 18 சதவீதத்துக்கு மேல். உடலின் பெரும்பாலான திசுக்களில் அதில் பாதிகூட இல்லை. அதை ‘இயல்பு’ என்று வைத்து ஒப்பிட்டால் கணக்கு அங்கேயே தப்பும். புரதத்தைக் கண்டறியும் வெஸ்டர்ன் பிளாட் சோதனையில் ஹிஃபுக்கான பட்டை வராததற்கு வழக்கமான காரணம், செல் தட்டை வெளியே எடுத்து நிதானமாகக் கழுவுவது. அதற்குள் புரதம் அழிந்துவிடும். ஆக்சிஜன் குறைத்த பெட்டிக்குள்ளேயே லைசிஸ் செய்யுங்கள், அதாவது செல்களை உடையுங்கள். ஆக்சிஜனைக் குறைப்பதற்குப் பதிலாகச் சிலர் சேர்க்கும் கோபால்ட் குளோரைடு ஹிஃபைத் தேக்கும், அவ்வளவுதான். உண்மையான ஆக்சிஜன் குறைவின் மற்ற விளைவுகள் அதில் வராது.

இனி ஆக்சிஜன் கொடுப்பது. நுரையீரல் நன்றாக இருப்பவரின் தமனி ரத்தத்தில் ஹீமோகுளோபின் ஏற்கெனவே 95 சதவீதத்துக்கு மேல் நிரம்பியிருக்கும். குறை குழாயிலும் தூரத்திலும் இருக்கும்போது முகமூடி என்ன செய்யும்? ‘ஆக்சிஜன் தண்ணீர்’ போன்றவை சுத்த வியாபாரம். சிவப்பணுக்களைப் பெருக்கும் எரித்ரோபொயட்டின் என்ற ஹார்மோனால் ஹீமோகுளோபினை ஏற்றிப் பார்த்தார்கள்; கதிர்வீச்சு பெற்ற தலை-கழுத்துப் புற்று நோயாளிகளில் நோய்க் கட்டுப்பாடு இன்னும் மோசமானது என்று 2003இல் முடிவு வந்தது. டென்மார்க்கில் அதே புற்றுக்குக் கதிர்வீச்சுடன் நிமோரசோல் தருகிறார்கள்; ஆக்சிஜன் இல்லாத செல்லையும் கதிர்வீச்சுக்கு வசப்படுத்தும் மருந்து அது. வி.எச்.எல். பழுதான சிறுநீரகப் புற்றில் ஆக்சிஜன் இருந்தாலும் ஹிஃப் அழிவதில்லை, அங்கே ஹிஃபின் இன்னொரு வகையான ஹிஃப்-2 ஆல்ஃபாவை நேரடியாகத் தடுக்கும் பெல்சுடிஃபான் என்ற மருந்து வேலை செய்கிறது. எல்லாப் புற்றுகளுக்கும் அதையே நீட்டிப் பேசுவது அவசரம்.