பழைய ஜீப் பிக்கப்: பட்டையிலிருந்து கிரவுன் வரை (வாசகர் கேள்வி-பதில்)

கேள்வி: 1987 மாடல் மஹிந்திரா ஜீப் பிக்கப் வைத்திருக்கிறோம். வாழைக்குலையும் ரப்பர் ஒட்டுப்பாலும் ஏற்றுவோம். பின்பக்கம் தாழ்ந்துவிட்டது. ஸ்பிரிங்கில் இரண்டு பட்டை (அடுக்கடுக்காக இருக்கும் வளைந்த இரும்புத் தகடு) கூடுதலாகச் சொருகினால் சரியாகிவிடும் என்கிறார்கள். செய்யலாமா?
(வாசகர், குலசேகரம்)

செய்ய வேண்டாம். முதலில் அளந்து பாருங்கள். காலி வண்டியைச் சமதரையில் நிறுத்தி, டயர்களில் காற்றைச் சமமாக வைத்து, சக்கரத்தின் நடுவிலிருந்து மேலே உள்ள தகட்டு விளிம்பு வரை இரண்டு பக்கமும் அளவெடுங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு தாழ்ந்திருந்தால் பட்டைகள் வளைவு இழந்துவிட்டன. ஒரு பக்கம் மட்டும் 15, 20 மி.மீ. இறங்கியிருந்தால், அந்தப் பக்கம் ஏதோ ஒரு பட்டை ஒடிந்திருக்கும், அல்லது பட்டை முனையைச் சேசிஸோடு (வண்டியின் அடிச்சட்டம்) இணைக்கும் ஷாக்கிளின் புஷ் (உள்வளையம்) கரைந்திருக்கும். ஒடிந்த பட்டைக்கு மேல் புதுப் பட்டை சொருகினால் ஒடிவு மறையுமே தவிர, வேலை முடியாது.

விரிசலைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி தேவையில்லை. பட்டையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து மண்ணெண்ணெய் தடவுங்கள். பத்து நிமிடம் கழித்துத் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, சுண்ணாம்புக் கட்டியைப் பூசுங்கள். விரிசலுக்குள் தங்கிய மண்ணெண்ணெய் கொஞ்ச நேரத்தில் வெள்ளைப் பூச்சில் மயிரிழை போல ஊறி நிற்கும். மெயின் பிளேட்டில் (மிக நீளமான முதல் பட்டை) காது (முனை வளையம்) வளையும் இடம், பட்டைகளை நடுவில் கோக்கும் சென்டர் போல்ட்டின் துளை, பட்டைகளை ஹவுசிங்கோடு (சக்கர அச்சின் கூடு) பிடிக்கும் யூ போல்ட்டின் தகடு முடிகிற ஓரம் ஆகிய மூன்று இடங்களையும் கட்டாயம் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் ஒடியும்.

இனி அந்த இரண்டு பட்டை விஷயம். ஒரே கனமுள்ள 9 பட்டைக் கட்டில் இரண்டைச் சேர்த்தால் விறைப்பு சுமார் 22 சதவீதம் கூடும். சேர்ப்பது கனமான பட்டை என்றால் கதையே வேறு. பட்டையின் விறைப்பு அதன் கனத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும், 7 மி.மீ. இடத்தில் 8 மி.மீ. போட்டால் அந்த ஒரு பட்டை மட்டும் ஒன்றரை மடங்கு விறைக்கும். காலியாகப் போகும்போது வண்டி தூக்கி அடிக்கும். பட்டை வாங்காத அடியைச் சேசிஸில் பட்டையைத் தாங்கும் ஹேங்கர் வாங்கும். பழைய வண்டியில் அதன் ரிவெட்டு தளர்ந்து, அதைச் சுற்றிச் சேசிஸ் கீறும். பட்டையை மாற்றிவிடலாம், கீறிய சேசிஸைச் சரிசெய்வது பெரும்பாடு. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எடை வரம்பும் பட்டை சேர்ப்பதால் கூடிவிடாது.

சரியான வேலை இது. பட்டைக்கட்டு முழுவதையும் இறக்கிப் பிரித்து, ஒடிந்ததை அதே அகலம், அதே கனத்தில் மாற்றுங்கள். இரு காதுக்கும் நடுவே நூல் பிடித்து வளைவை அளந்து, இடமும் வலமும் ஒத்துவரும்படி எல்லாப் பட்டைகளையும் பிரஸ்ஸில் வளைக்கச் சொல்லுங்கள். கேஸ் தீச்சுடரில் சிவக்கக் காய்ச்சிச் சுத்தியலால் தட்டித் தருகிற இடத்துக்குக் கொடுக்காதீர்கள். அப்படிக் காய்ச்சியதும் இரும்பின் பதம் போய்விடும், சில மாதத்தில் மறுபடி தாழும். பட்டையில் வெல்டிங் கூடவே கூடாது. வெல்டு வைத்த ஓரம் கண்ணாடி போல முறியும்.

பூட்டும்போது பட்டைகளுக்கு நடுவே கிராஃபைட் கிரீஸ் மெல்லிசாகத் தடவி, சென்டர் போல்ட்டும் யூ போல்ட்டும் புதிதாகப் போடுங்கள். ஒருமுறை இழுபட்ட யூ போல்ட் மறுபடி பிடிப்பு கொடுக்காது. நான்கு நட்டையும் குறுக்கும் நெடுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கி, 100 கி.மீ. ஓடியதும் ஒருமுறை, 500 கி.மீ. ஓடியதும் இன்னொருமுறை இறுக்குங்கள். இதை விடுவதால்தான் சென்டர் போல்ட் அறுகிறது. அறுந்தால் ஹவுசிங் ஒருபக்கம் பின்வாங்கி, வண்டி நண்டு மாதிரி சாய்ந்து ஓடும்.

ரப்பர் புஷ் உள்ள ஷாக்கிள் போல்ட்டை ஜாக்கி மேல் நிற்கும்போது கடைசி முறுக்கு முறுக்காதீர்கள். சக்கரம் தரையில் பதிந்து வண்டியின் பாரம் பட்டையில் இறங்கிய பிறகே முறுக்க வேண்டும். இல்லையென்றால் புஷ் எந்நேரமும் முறுகியே நின்று சீக்கிரம் கிழியும். பட்டைக்குக் கழிவு ஆயில் ஊற்றுகிற பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். இயற்கை ரப்பருக்கு எண்ணெய் ஆகாது. புஷ் ஊதி மாவாகிவிடும். ரப்பர் விளைகிற ஊரில் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது!

கேள்வி: டீசல் என்ஜின், நாலு கியர், 4x4 பிக்கப். மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவில் போக 60-க்கு மேல் ஏறினால் என்ஜின் கதறுகிறது. கிரவுனை (ஹவுசிங்குக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரம்) மாற்றினால் சரியாகுமா? எது போடலாம்?
(வாசகர், மார்த்தாண்டம்)

சரியாகும். ஆனால் எதைக் கொடுத்து எதை வாங்குகிறீர்கள் என்று தெரிந்து மாற்றுங்கள்.

இப்போது உள்ளே என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். பின் சக்கரம் ஒன்றை மட்டும் தூக்கி, கியரை நியூட்ரலில் வைத்து, தூக்கிய சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்று சுற்றுங்கள். கியர் பெட்டிப் பக்கமிருந்து ஹவுசிங்குக்கு வரும் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுதான் ரேஷியோ (பல் விகிதம்). ஐந்தரைக்குச் சற்றுக் குறைவு என்றால் 5.38 (43/8 பல்). ஐந்துக்குச் சற்றுக் குறைவு என்றால் 4.88 (39/8). நாலேகால் என்றால் 4.27 (47/11). ஒரு எச்சரிக்கை: இந்தப் பழைய வண்டிகளில் ஹேண்ட்பிரேக், டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு (முன், பின் அச்சுகளுக்கு இழுவையைப் பிரிக்கும் பெட்டி) பின்னால் ஷாஃப்டைப் பிடிக்கிற வகையாக இருக்கும். ஒரு பின்சக்கரம் தூக்கி நின்றால் அது வண்டியைப் பிடிக்கவே பிடிக்காது. மற்ற மூன்று சக்கரத்துக்கும் கட்டை வைத்துவிட்டுத்தான் கீழே போக வேண்டும்.

6.00-16 டயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.2 மீட்டர் உருளும். டாப் கியரில் 60 கி.மீ. வேகத்தில் 5.38 கிரவுனுக்கு என்ஜின் சுமார் 2,440 சுற்று ஓடும். 4.88-க்கு 2,215, 4.27-க்கு 1,940. அந்தக் காலத்து டீசல் என்ஜினுக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் 4.27 போட்டால் எல்லாக் கியரிலும் சக்கரத்துக்குப் போகிற இழுவை 21 சதவீதம் குறையும், 4.88 போட்டால் 9 சதவீதம்தான். பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டத்து ஏற்றத்தில் பாரத்தோடு நிறுத்தி எடுக்கிற வண்டிக்கு 4.27 போட்டால் கிளட்ச் பிளேட்டு பொசுங்கும். ரோட்டில் மட்டும் ஓடினால் 4.27, தோட்டத்துக்கும் போவதென்றால் 4.88. இதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை.

உங்களுடையது 4x4 என்பதால் முன் ஹவுசிங்கிலும் அதே ரேஷியோ வேண்டும். பின்னால் மட்டும் மாற்றி, காய்ந்த ரோட்டில் முன்சக்கர இழுவையைப் போட்டால் டிரான்ஸ்ஃபர் கேஸ் இறுகி, ஏதாவது ஒன்று உடையும். டானா 44 வகை ஹவுசிங்கில் 5.38, 4.88, 4.27 மூன்றும் ஒரே டிஃபரன்ஷியல் கூட்டில் (கிரவுனைப் பூட்டும் உள்கூடு) உட்காரும், 3.73 போட அந்தக் கூட்டையும் மாற்ற வேண்டும். இன்னொரு புது மாடலின் ஹவுசிங்கை முழுசாகத் தூக்கி வைக்கலாமே என்பவர்களுக்கு: டிரான்ஸ்ஃபர் கேஸ் உள்ள பழைய ஜீப்பில் ஷாஃப்ட் ஒருபக்கம் தள்ளி வரும், அதற்கேற்ப ஹவுசிங்கின் குண்டும் (கிரவுன் இருக்கும் உருண்ட பகுதி) தள்ளியே இருக்கும். குண்டு நடுவில் உள்ள ஹவுசிங்கைப் போட்டால் ஷாஃப்ட் சாய்ந்து ஓடும்.

கிரவுனும் அதைச் சுழற்றும் சின்னப் பல்சக்கரமான பினியனும் ஜோடியாகவே வாங்க வேண்டும், பேரிங்கும் சீலும் புதிதாகப் போட வேண்டும். பூட்டியபின் பல்லுக்குப் பல் உள்ள விளையாட்டு 0.15 முதல் 0.25 மி.மீ.க்குள் இருக்கிறதா என்று டயல் கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதோடு நிறுத்தாமல், கிரவுனின் நாலைந்து பல்லில் செவ்வீயப் பசை தடவிச் சுற்றிப் பாருங்கள். பசை அழிந்த தடம் பல்லின் நடுவில் நீள்வட்டமாக விழ வேண்டும். நுனியில் விழுந்தால் பினியன் ஆழம் போதாது, அடியில் விழுந்தால் ஆழம் அதிகம்; ஷிம் (மெல்லிய இடைத்தகடு) மாற்றித்தான் திருத்த வேண்டும். "ஓடினால் சத்தம் அடங்கிவிடும்" என்று சொன்னால் நம்பாதீர்கள். தடம் தப்பிய கிரவுன் ஓட ஓடத் தேய்ந்து ஊளையிடும்.

ஹவுசிங்குக்கு 80W-90 ஜி.எல்.5 ஆயில். கியர் பெட்டிக்கு ஜி.எல்.4 போதும், அதுதான் சரியும்கூட. பித்தளைச் சின்க்ரோ வளையத்தை ஜி.எல்.5-இல் உள்ள கந்தகச் சேர்மானம் அரிக்கும். வேக மீட்டருக்கான கேபிள் டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து வருவதால், 4.27 போட்டபின் வண்டி 60-இல் ஓடும்போது முள் 48-இல்தான் நிற்கும். ஓட்டுகிற எல்லோரிடமும் இதைச் சொல்லி வையுங்கள். வேகம் கூட்டும் முன் பிரேக்கையும் சரிபாருங்கள். பூஸ்டர் வைப்பதானால் வேக்குவம் பம்ப் தனியாக வேண்டும். பெட்ரோல் என்ஜின் போல டீசலில் உறிஞ்சு விசை தானாகக் கிடைக்காது.

என்ஜினையே மாற்றலாமா என்றும் எழுதியிருந்தீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. உங்கள் டி.என். 75 வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்தில் அனுமதி வாங்கும் முன் ஒரு போல்ட்டையும் கழற்றாதீர்கள்.

கேள்வி: பின்பக்கம் உயர்வதற்காக ஹவுசிங்குக்கும் பட்டைக்கும் நடுவே இரும்புக் கட்டை வைத்தோம். இப்போது 40-க்கு மேல் வண்டி அதிர்கிறது.
(வாசகர், ஆரல்வாய்மொழி)

கோணம் மாறிவிட்டது. கியர் பெட்டியிலிருந்து வெளிவரும் முனையும் பினியன் முனையும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும்; ஒரு டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஷாஃப்ட் துடிக்கும். கோணம் காட்டும் செயலி உள்ள செல்போனைத் தட்டையான இடத்தில் ஒட்டி வைத்தே அளக்கலாம். வித்தியாசத்துக்கு ஏற்ற ஆப்புத் தகட்டைப் பட்டைக்கு அடியில் வைத்துத் திருத்துங்கள். ஷாஃப்டைக் கழற்றியவர்கள் ஸ்ப்லைனை (ஷாஃப்டின் பல்வரி இணைப்பு) ஒரு பல் மாற்றிச் சொருகியிருந்தாலும் இதே அதிர்வு வரும். ஷாஃப்டின் இரண்டு முனையிலும் உள்ள கவைகள் ஒரே தளத்தில் நிற்கின்றனவா என்று பாருங்கள். கட்டை உயரமாக உயரமாக, கிளட்ச் விடும்போது ஹவுசிங் பட்டையை முறுக்கும். கட்டையை எடுத்துவிட்டு, முதல் பதிலில் சொன்னபடி வளைவை மீட்பதே நல்லது.

கேள்வி: மீன் ஏற்றுகிற பிக்கப். புதுப் பட்டை போட்டு வருடம்கூட ஆகவில்லை, துரு அடுக்கடுக்காக உரிகிறது.
(வாசகர், குளச்சல்)

கடற்காற்றை விட, பெட்டியிலிருந்து ஒழுகும் ஐஸ் தண்ணீர்தான் காரணம். உப்போடு சொட்டி, பட்டைகளின் இடுக்கில் தங்குகிறது. வண்டியின் சரக்குத் தளத்தில் ஒழுகும் இடத்தைக் கண்டுபிடித்து, குழாய் வைத்துப் பின்சக்கரத்துக்கு அப்பால் இறக்கிவிடுங்கள். ஒவ்வொரு நடைக்கும் பிறகு நல்ல தண்ணீரால் அடிப்பக்கம் கழுவுங்கள். போர் தண்ணீர் உவர்ப்பாக இருந்தால் அதில் கழுவிப் பலனில்லை. சேசிஸ் பெட்டியின் அடியில் உள்ள வடிகால் துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்து வையுங்கள். அவை அடைந்தால் சேசிஸ் உள்ளிருந்து அரிக்கும், வெளியே பெயின்ட் பளபளவென்றே இருக்கும். பட்டையை வருடம் ஒருமுறை இறக்கிப் பிரித்து, துரு நீக்கி, துத்தநாகப் பிரைமர் அடித்து, கிராஃபைட் கிரீஸோடு பூட்டுங்கள். ஜூன், ஜூலையில் விசைப்படகுகள் கரையேறி நிற்கிற மீன்பிடித் தடைக்காலம் இதற்குத் தோதான நேரம்.