கேள்வி – பதில்: ஷாக் டியூபில் ஹைட்ரஜன் எங்கே பற்றுகிறது?

கேள்வி: ஷாக் டியூப் என்பது மெல்லிய தகட்டை (டயஃப்ரம்) உடைத்து, அதிர்ச்சி அலையால் வாயுவைச் சட்டெனச் சூடாக்கும் சோதனைக் குழாய். அதன் கடைசிச் சுவரில் அழுத்த சென்சார் இருக்கிறது. ஹைட்ரஜன் பற்றும் நேரத்தை அதுவே காட்டிவிடுமே, அதிவேகக் கேமரா எதற்கு?

பதில்: சென்சார் நேரத்தைச் சொல்லும், இடத்தைச் சொல்லாது. சுவரில் மோதித் திரும்பும் அதிர்ச்சி அலைக்குப் பின்னால் வாயு முழுக்க ஒரே சூட்டில் இருக்கிறது, ஒன்றாகவே பற்றுகிறது என்று வைத்துத்தான் கணக்குப் போடுகிறோம். சூடு அதிகமுள்ள வரை இது பெரும்பாலும் பொருந்தும். ஒரு வளிமண்டல அழுத்தத்தை ஒட்டி 1,000 கெல்வின் பக்கம் இறங்கினால் கதை மாறும். ஏதோ ஒரு மூலையில் சூட்டுப் புள்ளி கிளம்பி, சுடராகப் பரவி, அதன் பிறகே மிச்சமெல்லாம் வெடிக்கும். அழுத்த வரைபடத்தில் தெரிவது மெல்லிய ஏற்றம் மட்டுமே. அதை வைத்து, வேதிவினையின் வேகத்தைச் சொல்லும் வினைவேக மாறிலிகளைக் குறை சொல்வது வீண்.

இதற்கு மேயர், ஓப்பன்ஹைம் என்ற ஆய்வாளர்கள் 1971-இல் ஓர் அளவுகோல் தந்தார்கள். சூடு 1 கெல்வின் கூடும்போது பற்றும் தாமதம் (வாயு சூடானதிலிருந்து பற்றும் வரையான நேரம்) 2 மைக்ரோ விநாடிக்கு மேல் குறையுமானால், பற்றுதல் திட்டுத்திட்டாகத்தான் நடக்கும். அந்தக் குறைவு 20 மைக்ரோ விநாடியாக இருந்தால், 5 கெல்வின் சூடு கூடுதலான மூலை 100 மைக்ரோ விநாடி முந்திக்கொள்ளும்.

கேள்வி: படம் எடுத்தோம். ஆரஞ்சு ஒளிதான் தெரிகிறது. மங்கலான ஒளியைப் பெருக்கும் இன்டென்சிஃபயரை மாட்டினால் ஒரு பிரேமின் நிழல் அடுத்ததிலும் ஒட்டிக்கொண்டு வருகிறது.

பதில்: ஆரஞ்சு ஒளி பெரும்பாலும் சோடியம் மாசு, 589 நானோமீட்டர். ஹைட்ரஜன் சுடர் கண்ணுக்கு ஏறக்குறையத் தெரியாது. நீங்கள் பிடிக்க வேண்டியது 308 நானோமீட்டரை ஒட்டி, கிளர்வுற்ற ஓ.எச். (ஓர் ஆக்சிஜன் அணுவும் ஒரு ஹைட்ரஜன் அணுவும் சேர்ந்த துணுக்கு) வெளியிடும் புற ஊதா ஒளியை. சாதாரணக் கண்ணாடி அதில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். ஜன்னலும் லென்ஸும் குவார்ட்ஸ் வகையாக இருக்க வேண்டும். முன்னால் 310 நானோமீட்டரை ஒட்டிய ஒளியை மட்டும் விடும் பட்டை வடிகட்டி போடுங்கள்.

நிழல் ஒட்டுவது இன்டென்சிஃபயரின் பாஸ்பரால் (பெருக்கிய படத்தை ஒளியாகக் காட்டும் பூச்சு). பி-43 பாஸ்பர் அணைய ஏறக்குறைய ஒரு மில்லி விநாடி எடுக்கும். விநாடிக்கு 50,000 பிரேம் எடுத்தால் அதற்குள் 50 பிரேம் ஓடிவிடும். பி-46 ஒரு மைக்ரோ விநாடிக்குள் அணையும். வெளிச்சம் குறைவுதான், ஆனாலும் வேறு வழியில்லை. அந்த 50,000-மும் தாராளமல்ல: விநாடிக்கு 1,500 மீட்டர் ஓடும் அலை இரண்டு பிரேமுக்கு நடுவே 3 சென்டிமீட்டர் தாண்டும்.

கடைசிச் சுவர் ஜன்னல் வழியாக மட்டும் பார்த்தால் ஆழம் தெரியாது. சுவரில் பற்றியதும் ஒரு முழம் தள்ளிப் பற்றியதும் படத்தில் ஒன்றுபோலவே இருக்கும். பக்கவாட்டிலும் ஒரு கேமரா வையுங்கள். இரண்டுக்கும் ட்ரிகர் (படம் எடுக்கத் தொடங்கச் சொல்லும் சைகை) கடைசிச் சுவர் சென்சாரிலிருந்தே போகட்டும்.

கேள்வி: 4% ஹைட்ரஜன், 2% ஆக்சிஜன், மீதி ஆர்கான். ஒரே கலவை, ஒரே அழுத்தம். ஆனாலும் தாமதம் ஷாட்டுக்கு ஷாட் (சோதனைக்குச் சோதனை) மாறுகிறதே?

பதில்: முதலில் அலை வேகத்தைப் பாருங்கள். 25 டிகிரி ஆர்கானில் மாக் 2.0 (அந்த வாயுவில் ஒலியின் வேகத்தைப்போல் இரு மடங்கு) என்றால் திரும்பிய அலைக்குப் பின் சுமார் 1,020 கெல்வின், 2.1 என்றால் சுமார் 1,120. வேகத்தில் 1% பிசகினால் 20 கெல்வின் போய்விடும். அலை வேகத்தை அளக்கும் இரண்டு சென்சாருக்கு இடையே 30 சென்டிமீட்டர் இருந்தால், அந்த 1% என்பது 4 மைக்ரோ விநாடி சொச்சம்தான். இரண்டு சென்சார் போதாது; நான்கைந்து வைத்து, போகப்போக அலை தளர்வதையும் சேர்த்துச் சுவர் வரை நீட்டிக் கணக்கிடுங்கள்.

அடுத்தது அழுக்கு. ஹைட்ரஜனின் சங்கிலி வினைக்கு மிச்சம் மீதி அசுத்தத்திலிருந்து பிறக்கும் துளி ஹைட்ரஜன் அணுக்களே போதும், தாமதம் சுருங்கிவிடும். பிய்ந்த டயஃப்ரம் துணுக்குகள் பறந்து வந்தால் அங்கேயே சூட்டுப் புள்ளி. ஒவ்வொரு ஷாட்டுக்குப் பிறகும் குழாயைத் துடைத்து, வெற்றிடத்தை ஆழமாக இழுங்கள். வாரத்துக்கு ஒருமுறை ஆக்சிஜன்–ஆர்கான் மட்டும் நிரப்பி ஒரு ஷாட் சுடுங்கள். எரிபொருளே இல்லாத அந்த ஷாட்டில் 308-இல் ஒளி தெரிந்தால் குழாய் இன்னும் சுத்தமாகவில்லை.