கிறிஸ்தவ விசுவாசத்துக்கு அடிப்படை அனுபவமா, ஆதாரமா?

விசுவாசம் என்பது கடவுளை நம்பி, அவரைச் சார்ந்து வாழ்வது. ஜெபத்தில் கிடைக்கும் ஆறுதல் அதற்கு உயிரூட்டுகிறது. ஆனால் மீனாட்சியம்மன் சன்னிதியில் கண்மூடி நிற்பவரும் அத்தகைய ஆறுதலை உணரக்கூடும் என்பதால், அனுபவம் மட்டுமே பிறருக்குச் சான்றாகாது. ஆகவேதான் இயேசுவின் செய்தியைப் பரப்பிய தொடக்ககால அப்போஸ்தலரான பவுல், சுமார் கி.பி. 55-இல் கொரிந்து நகரக் கிறிஸ்தவர்களுக்கு எழுதிய கடிதத்தில், உயிர்த்த இயேசுவை 500-க்கும் மேற்பட்டோர் ஒரே நேரத்தில் கண்டதாகவும், அவர்களில் பெரும்பாலோர் இன்னும் உயிரோடிருப்பதாகவும் குறிப்பிட்டார். விசாரித்துக்கொள்ளுங்கள் என்பதே அதன் உட்பொருள் என நான் கருதுகிறேன். (அச்சாட்சியத்தை எடைபோடுவதில் வரலாற்றாய்வாளர்கள் வேறுபடுகிறார்கள்.)

மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் மல்லிகை வாங்குபவர், ஈரத்துணியை விலக்கி முகர்ந்து பார்த்த பிறகும் தராசைக் கவனிக்கிறார்; மணத்தால் எடை தெரியாது.

ஆதாரம் கேட்பதே அவிசுவாசம் என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் யோவான் நற்செய்தியில், காயத்தைக் கண்டாலொழிய நம்பமாட்டேன் என்ற சீடர் தோமாவை இயேசு விலக்கவில்லை, விரலை நீட்டிப் பார்க்கச் சொன்னார். காணாமல் நம்புவோரைப் பாராட்டியது அதன் பிறகுதான்.