அப்பா வாங்கிய பங்கை விற்கலாமா?

கேள்வி: ஐயா, எனக்கு 44 வயது. திருப்பாதிரிப்புலியூரில் ஸ்டேஷனரி கடை வைத்திருக்கிறேன். காடாம்புலியூரில் எங்களுக்கு முந்திரித் தோப்பு இருந்தது. தானே புயலில் பாதி மரம் சாய்ந்துவிட்டது. சாய்ந்த மரங்களை விறகுக்கு விற்ற பணத்தில் அப்பா 2012-ல் ஒரு கம்பெனியின் பங்கு 400 வாங்கினார். ஒன்று 210 ரூபாய். அவர் காலமான பிறகு அது, பங்குகளை மின்னணு முறையில் வைத்திருக்கும் என் டீமேட் கணக்குக்கு வந்தது. போன வருஷம் விலை 600-க்கு வந்தபோது நானும் 300 வாங்கினேன். 640 வரை ஏறியது. மார்க்கெட் விழுந்ததில் இப்போது 370. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து போனில் விலை பார்க்கிறேன். புதுச்சேரியில் படிக்கும் மகளுக்கு ஜூனில் 1,20,000 ரூபாய் ஃபீஸ் கட்ட வேண்டும். பங்கை விற்றுக் கட்டலாம் என்கிறாள் மனைவி. அப்பா வைத்துவிட்டுப் போனதை விற்காதே என்கிறார் அம்மா. நகையை அடகு வைத்து ஃபீஸ் கட்டிவிட்டு, மீதிப் பணத்தில் இன்னும் வாங்கி ஆவரேஜ் பண்ணு, வாங்கிய சராசரி விலை குறையும் என்கிறார் நண்பர். நான் என்ன செய்யட்டும்?

பதில்: தம்பி, நகையில் கை வைக்க வேண்டாம். நகைக்கடனுக்கு வட்டி மாதம் தவறாமல் ஏறும். பங்கு எந்த மாதம் ஏறும் என்று உங்கள் நண்பராலோ என்னாலோ சொல்ல முடியாது. கடன் வாங்கி ஆவரேஜ் செய்து, அதன் பிறகும் விலை இறங்கினால் பங்கும் போய் நகையும் போகும். ஃபீஸுக்கு 330 பங்கை விற்றுவிடுங்கள். இன்றைய விலைக்கு 1,22,100 ரூபாய் வரும், தரகும் விற்கும்போதே பிடிக்கும் பரிவர்த்தனை வரியும் அதிலேயே அடங்கிவிடும். மூன்று மாதத்தில் கட்ட வேண்டிய பணம் பங்குச் சந்தையில் இருக்கவே கூடாது.

"சரி, நான் வாங்கியதை விற்கிறேன், அப்பாவுடையது அப்படியே இருக்கட்டும்" என்று தோன்றும். அது நடக்காது. ஒரே டீமேட் கணக்கில், முதலில் வந்து சேர்ந்த பங்கே முதலில் விற்றதாக வருமான வரிக் கணக்கு எடுத்துக்கொள்ளும். ஆகவே விற்கும் 330-ம் அப்பா வாங்கியதாகவே கணக்காகும். அதில் உங்களுக்கு நல்லதுதான். அந்த 400-க்கும் சேர்த்தே லாபம் 64,000 ரூபாய். ஒரு வருஷத்துக்கு மேல் வைத்திருந்த பங்கை விற்று வரும் நீண்டகால லாபம் வேறு எதுவும் இந்த நிதியாண்டில் எடுக்கவில்லை என்றால், 1,25,000 வரை வரி கிடையாது. ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் தூக்கத்துக்கு வருகிறேன். நீங்கள் இருவரும் போட்ட பணம் மொத்தம் 2,64,000. இன்றைய மதிப்பு 2,59,000. நீங்கள் 600-க்கு வாங்கியதில் 69,000 இறங்கியிருக்கிறது, அப்பா வாங்கியது அதில் பெரும்பகுதியை ஈடுகட்டி நிற்கிறது. ஆனால் உங்கள் மனது கணக்குப் போடுவது 640-லிருந்து. அந்த உச்சத்தில் இது 4,48,000. அதனால்தான் 1,89,000 பறிபோனதாகத் துடிக்கிறது. அந்தப் பணம் உங்கள் கைக்கு வரவே இல்லை. அதோடு, 370-லிருந்து 640-க்குப் போக 73 சதவீதம் ஏற வேண்டும். "பழைய விலை வரட்டும், வித்துடறேன்" என்று காத்திருப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

இது உங்களுக்கு மட்டும் உள்ள பலவீனம் இல்லை. ஏறிய பங்கைச் சீக்கிரம் விற்பதும், இறங்கியதை விடாமல் பிடித்துக்கொள்வதும் முதலீட்டாளர்களின் பொதுக் குணம் என்று ஷெஃப்ரின், ஸ்டேட்மன் என்ற இரண்டு அமெரிக்கப் பேராசிரியர்கள் 1985-லேயே எழுதிவிட்டார்கள். நஷ்டத்தில் விற்றால் தப்பு செய்ததை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று மனது பயப்படுகிறது. உங்கள் விஷயத்தில் அப்பாவின் நினைவும் சேர்ந்துகொண்டது, பாரம் இரண்டு மடங்கு.

"மார்க்கெட் எப்போதும் திரும்பி வரும்" என்று நண்பர் சொல்லியிருப்பார். பெரிய கம்பெனிகளின் பங்கு விலையைச் சேர்த்துக் கணக்கிடும் நிஃப்டி, சென்செக்ஸ் போன்ற குறியீட்டெண்களைப் பொறுத்தவரை இதுவரை அப்படித்தான் நடந்திருக்கிறது. 2020 மார்ச் 23 அன்று 7,610-ல் முடிந்த நிஃப்டி, அந்த நவம்பரிலேயே பழைய உச்சத்தைத் தாண்டியது. ஆனால் நிஃப்டியில் சரியில்லாத கம்பெனியை எடுத்துவிட்டு வேறொன்றைச் சேர்ப்பார்கள். நீங்கள் வைத்திருக்கும் ஒற்றைப் பங்குக்கு அந்த வசதி இல்லை. 2008 தொடக்கத்தில் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் 800 ரூபாய்க்கு மேல் விற்றது. சென்செக்ஸ் மீண்டு பல மடங்கு ஏறிவிட்டது, அந்தப் பங்கு சில ரூபாய்க்கு வந்து நின்றது. திவாலான வீட்டுக்கடன் கம்பெனி டிஎச்எஃப்எல்-இன் பங்கு வைத்திருந்தவர்களுக்கு 2021-ல் ஒரு பைசாகூடக் கிடைக்கவில்லை.

ஃபீஸுக்கு விற்றது போக 370 பங்கு மிஞ்சும். அதை அவசரமாக விற்கச் சொல்ல மாட்டேன். கம்பெனியின் காலாண்டு முடிவுகளை எடுத்துப் பாருங்கள், பங்குச் சந்தையின் இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கும். விற்பனை இறங்குகிறதா, கடன் ஏறுகிறதா, நிறுவனர்கள் தங்கள் பங்கை அடமானம் வைத்திருக்கிறார்களா, இந்த மூன்றும் போதும். கம்பெனி நன்றாக இருந்து, சந்தையோடு சேர்ந்து இறங்கியிருந்தால் வைத்திருங்கள். கடனும் அடமானமும் ஏறிக்கொண்டே போனால் விலை 370-தானே என்று பார்க்காமல் விற்றுவிட்டு வெளியே வாருங்கள். புரியவில்லை என்றால் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியில் பதிவு பெற்ற ஆலோசகருக்குக் கட்டணம் கொடுத்துக் கேளுங்கள், வாட்ஸ்அப் குரூப்பில் கேட்காதீர்கள்.

அம்மாவிடம் பொறுமையாகப் பேசுங்கள். அவர் விடாமல் பிடித்திருப்பது கணவரின் உழைப்பை. அது நியாயம்தான். ஆனால் அந்த மனிதர், பல வருஷம் பார்த்து வளர்த்த மரங்கள் ஒரே ராத்திரியில் சாய்ந்தபோது, அவற்றைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லையே? விலை பேசி அனுப்பிவிட்டு, வந்த பணத்தைக் குடும்பத்துக்கு உதவும் இடத்தில் போட்டார். பேத்தி படிப்பதற்கு அந்தப் பணம் போவதை அவர் தடுத்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. இதை நீங்கள் சொல்வதைவிட மகளை விட்டுச் சொல்லச் சொன்னால் அம்மா காதில் ஏறும்.

அப்புறம், மார்க்கெட் மாலை மூன்றரைக்கு மூடிவிடும். மறுநாள் காலை ஒன்பதேகால் வரை அந்த விலை அசையாது. இரவில் போனைக் கடையிலேயே வைத்துவிட்டு வர முடியாதென்றால் ஆப்பையாவது எடுத்துவிடுங்கள். அப்பா பங்கு உங்கள் பெயருக்கு மாற எத்தனை காகிதம் கொடுத்திருப்பீர்கள்! உங்கள் டீமேட் கணக்கில் மனைவி பெயர் நாமினியாக இருக்கிறதா என்று நாளைக்கே பாருங்கள். 330 பங்கை விற்கும்போது அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.