பறவைகளும் நம் மனமும்: கேள்வி பதில்

கேள்வி: ஜன்னல் வழியே பறவைகளைப் பார்த்தால் மனசு லேசாகிறது. இது வெறும் நினைப்பா, ஆய்வு ஏதும் உண்டா?

பதில்: வெறும் நினைப்பல்ல. லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் 2018 ஏப்ரல் முதல் 2021 அக்டோபர் வரை 1,292 பேரிடம் கைப்பேசிச் செயலி வழியே நாளுக்கு மூன்று வேளை கேட்டார்கள்: பறவை கண்ணில் படுகிறதா, காதில் விழுகிறதா, மனம் எப்படி இருக்கிறது? பறவை இருந்த வேளைகளில் மனநிலை மேலாக இருந்தது. அந்தத் தெம்பு 8 மணி நேரம் வரை நீடித்தது. மரமும் நீரும் தரும் இதத்தைக் கழித்துப் பார்த்த பிறகும் பறவைக்கென்று ஒரு பங்கு மிஞ்சியது. ஆனால் இவர்கள் செயலியைத் தாமாக விரும்பி இறக்கிக்கொண்டவர்கள். அதனால் எல்லோருக்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன்.

கேள்வி: எங்கள் பக்கம் பறவையே இல்லை. பதிவு செய்த குரல்களைக் கேட்டால் போதுமா?

பதில்: படபடப்புக்கு ஓரளவு உதவும். பெர்லினில் உள்ள மாக்ஸ் பிளாங்க் மனித வளர்ச்சி ஆய்வு நிறுவனம் 2022-இல் வெளியிட்ட ஆய்வில் 295 பேர் 6 நிமிடம் பறவை ஒலியையோ போக்குவரத்து இரைச்சலையோ கேட்டார்கள். பறவை ஒலி கேட்டவர்களுக்குப் பதற்றமும், பிறர் மீதான காரணமற்ற சந்தேகமும் குறைந்தன. இரண்டு இனங்களின் குரலானாலும் எட்டு இனங்களின் குரலானாலும் இதில் வேறுபாடு இல்லை. மனச்சோர்வு மட்டும் குறையவில்லை.

காதில் மாட்டிக்கொண்டு, ஒலியைத் தாழ்த்தி வைத்துக் கேளுங்கள். திறந்த வெளியில் ஒலிபெருக்கியில் போடாதீர்கள். எதிரி எல்லைக்குள் நுழைந்துவிட்டான் என்று அங்குள்ள ஆண் பறவை இரை தேடுவதை விட்டுவிட்டு அலையும். இனப்பெருக்கக் காலத்தில் அது கூட்டையே பாதிக்கும்.

கேள்வி: எனக்குக் காலையில் பத்து நிமிடம்தான் கிடைக்கும். அதற்குள் என்ன செய்வது?

பதில்: பத்து நிமிடம் தாராளம். தினமும் ஒரே இடம், முடிந்தால் சூரியன் உதித்த இரண்டு மணி நேரத்துக்குள்.

முதல் இரண்டு நிமிடம் அசையாமல் உட்காருங்கள். நீங்கள் வந்ததும் பறவைகள் அடங்கிவிடும். அவை மறுபடி வாய் திறக்க அவ்வளவு நேரமாவது ஆகும். பலர் இந்த இடத்தில்தான் "ஒன்றுமே இல்லை" என்று எழுந்துவிடுகிறார்கள். அடுத்த மூன்று நிமிடம் கண்ணை மூடி, குரல் வரும் திசைகளை மட்டும் எண்ணுங்கள். பெயர் வேண்டாம். பெயர் தேடத் தொடங்கினால் அது பரீட்சையாகிவிடும், காது மூடிக்கொள்ளும்.

மீதி நேரம் ஒரே ஒரு பறவை, அது பறந்து போகும்வரை. சிட்டுக்குருவியே போதும். தின்று முடித்ததும் அலகின் ஒரு பக்கத்தைக் கிளையில் தேய்க்கும், பிறகு மறுபக்கத்தை. குளித்துவிட்டு வந்தால் தலையைத் திருப்பி வாலடியில் இருக்கும் எண்ணெய்ச் சுரப்பியை அலகால் அமுக்கும். அந்த எண்ணெயோடு இறகுகளை ஒவ்வொன்றாக அலகுக்குள் விட்டு உருவும். இதை முழுதாகப் பார்த்து முடிக்கும்போது, மனசில் சுற்றிக்கொண்டிருந்த கவலையை நீங்கள் சில நிமிடங்களாவது தொட்டிருக்க மாட்டீர்கள். என் கணிப்பில், பலன் பெரும்பாலும் இந்தக் கவன மாற்றத்தில்தான் இருக்கிறது. கைப்பேசி பையிலேயே இருக்கட்டும்.

கேள்வி: மாத்திரையை நிறுத்திவிட்டு இதையே செய்யலாமா?

பதில்: கூடாது. சிகிச்சையோடு சேர்த்துச் செய்யுங்கள். மருந்தைக் குறைப்பது உங்கள் மருத்துவர் எடுக்க வேண்டிய முடிவு.

கேள்வி: அம்மா படுக்கையில் இருக்கிறார். அவர் பார்க்கும்படி ஜன்னலருகே தீனி வைக்கலாமா?

பதில்: தாராளமாக வையுங்கள், ஆனால் தூரம் முக்கியம். தீனித்தட்டு கண்ணாடியிலிருந்து 1 மீட்டருக்குள் இருக்க வேண்டும், இல்லையென்றால் 10 மீட்டருக்கு அப்பால். இடைப்பட்ட தூரத்தில் வைத்தால், மிரண்டு கிளம்பும் பறவை முழு வேகத்தில் கண்ணாடியில் மோதும். கண்ணாடியின் வெளிப்பக்கம் 5 சென்டிமீட்டருக்கு ஒன்றாகப் புள்ளிகள் ஒட்டுங்கள். ஒரே ஒரு பருந்துப் படம் ஒட்டிப் பயனில்லை. அதைச் சுற்றிக்கொண்டு பக்கத்தில் போய் மோதும்.

தீனியைவிடத் தண்ணீர் மேல் என்பேன். அகலமான, சொரசொரப்பான தட்டு, 2 முதல் 5 சென்டிமீட்டர் ஆழம், தினமும் புதுத் தண்ணீர். வாரம் ஒருமுறை ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு ஒன்பது பங்கு நீர் கலந்து 10 நிமிடம் ஊறவைத்து, நன்றாக அலசி, காயவைத்த பிறகே திரும்ப வையுங்கள். இறகைச் சிலிர்த்துக்கொண்டு, விழுங்க முடியாமல் உட்கார்ந்திருக்கும் பறவை தென்பட்டால் தீனி, தண்ணீர் இரண்டையும் இரண்டு வாரமாவது நிறுத்துங்கள். கூட்டம் கூடுமிடத்தில்தான் நோய் பரவுகிறது. இறந்த பறவையை வெறுங்கையால் தொட வேண்டாம்.

கேள்வி: வீட்டில் கிளி வளர்க்கிறோம். இரண்டு மாதமாக வறட்டு இருமல், படியேறினால் மூச்சு வாங்குகிறது. தொடர்பு இருக்குமா?

பதில்: இருக்கலாம், தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் போங்கள். இறகுத் தூளிலும் எச்சத்திலும் உள்ள புரதங்களுக்குச் சிலருடைய நுரையீரல் ஒவ்வாமை காட்டும்; தொடர்ந்தால் தழும்பு விழுந்து திரும்பாத பாதிப்பாகும். காய்ச்சல், தலைவலியோடு வறட்டு இருமல் என்றால் கிளிக் காய்ச்சலாகவும் இருக்கலாம். அது பாக்டீரியாவால் வருவது, ஆன்டிபயாடிக்கில் குணமாகும். இரண்டிலும் நடக்கிற தவறு ஒன்றுதான்: வீட்டில் பறவை இருப்பதை மருத்துவரிடம் யாரும் சொல்வதில்லை. முதல் வாக்கியமாக அதைச் சொல்லுங்கள். கூண்டைப் படுக்கையறையிலிருந்து எடுத்துவிடுங்கள். எச்சத்தை உலர்ந்தபடி பெருக்காமல், தண்ணீர் தெளித்து, முகக்கவசத்தோடு வழித்தெடுங்கள். முடிந்தால் அதையும் வேறொருவர் செய்யட்டும்.

கேள்வி: ஒரு காகம் என்னை மட்டும் துரத்தித் தலையில் கொத்த வருகிறது. என்னை அடையாளம் தெரியுமா?

பதில்: தெரியும். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஜான் மார்ஸ்லஃப் குழுவினர் 2006-இல் ஒரு முகமூடி அணிந்து காகங்களைப் பிடித்து, காலில் அடையாள வளையம் மாட்டி விட்டார்கள். பல ஆண்டுகள் கழித்தும் அந்த முகமூடியோடு யார் நடந்தாலும் காகங்கள் கத்தித் துரத்தின. பிடிபடாத காகங்களும் சேர்ந்துகொண்டன. உங்கள் வழியில் கூடோ, தரையில் இறங்கிய குஞ்சோ இருக்கும். குஞ்சு பறக்கும்வரை சில வாரம் வேறு வழியில் போங்கள், இல்லாவிட்டால் குடை பிடியுங்கள். கல்லெறிந்தால் அந்த முகத்தை இன்னும் ஆழமாக நினைவில் வைக்கும்.

கேள்வி: காட்டுப் பறவை மனிதர் பேச்சைக் கேட்டு நடக்குமா?

பதில்: மொசாம்பிக்கின் நியாசா காட்டில் யாவோ மக்கள் தேன் எடுக்கப் போகும்போது "ப்ர்ர்ர்... ஹ்ம்" என்று ஒலி எழுப்புவார்கள். தேன்காட்டிப் பறவை முன்னே பறந்து தேனடை இருக்கும் மரத்தைக் காட்டும். 2016-இல் வெளியான ஆய்வில், வேறு ஒலிகளுக்குப் பறவை வழிகாட்ட ஏறத்தாழ 33 விழுக்காடே வாய்ப்பு இருந்தது. இந்த ஒலிக்கு 66. தேன் மனிதருக்கு, மெழுகு பறவைக்கு. புகை போட்டுத் தேனை எடுத்ததும், மெழுகை இலைகளின் மேல் வைத்துவிட்டுத்தான் நடையைக் கட்டுகிறார்கள்.