கோப்பு பெருத்தால் பிள்ளை வளருமா?

வாசகர் கேள்வி – பதில். இந்த இதழில் இங்கிலாந்தில் சொந்த வீட்டிலேயே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் சைல்ட்மைண்டர்களின் கடிதங்களுக்கு மட்டும் பதில். எல்லாக் கடிதத்திலும் ஒரே புலம்பல் என்பதால் சேர்த்தே எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: அக்கா, மூன்று சின்னப் பிள்ளைகளையும் பள்ளி விட்டு வரும் இரண்டு பேரையும் பார்க்கிறேன். எல்லோரையும் அனுப்பிவிட்டு, சமையல், என் பிள்ளைகளின் வீட்டுப்பாடம் எல்லாம் முடித்து இரவு பதினோரு மணிக்குத்தான் எழுத உட்காருகிறேன். ஆளுக்கொரு ஃபைல், அதில் ஒட்டப் படங்கள், வாராந்தரத் திட்டம், காசு கொடுத்து வாங்கிய பாலிசிகள் (பாதுகாப்பு, புகார் போன்றவற்றில் எப்படி நடந்துகொள்வோம் என்ற நடைமுறைத் தாள்கள்). இதெல்லாம் இல்லாவிட்டால் நம்மைச் சோதிக்க வரும் அரசு அமைப்பான ஆஃப்ஸ்டெட் சும்மா விடாது என்கிறார்கள். தொழிலையே விட்டுவிடலாமா என்று இருக்கிறது.

பதில்: யார் அப்படிச் சொன்னது? ஆஃப்ஸ்டெட் சொல்லியிருக்காது. பெரும்பாலும் இன்னொரு சைல்ட்மைண்டர் சொல்லியிருப்பார், அவருக்கு வேறொருவர் சொல்லியிருப்பார், அந்த வேறொருவர் முன்பு இருபது பேர் வேலை பார்க்கும் நர்சரியில் இருந்து வந்தவராக இருப்பார். நர்சரியில் ஆள் மாறிக்கொண்டே இருக்கும், எழுதி வைக்காவிட்டால் அடுத்தவருக்குத் தெரியாது. உங்கள் வீட்டில் காலையில் கதவைத் திறப்பதும் மாலையில் ஷூ மாட்டிவிடுவதும் நீங்கள் ஒரே ஆள். நீங்கள் யாருக்காக எழுதி வைக்கிறீர்கள்?

2024 ஜனவரியிலிருந்து சைல்ட்மைண்டர்களுக்கென்று தனியாகவே ஒரு இ.ஒய்.எஃப்.எஸ். விதித்தொகுப்பு (ஐந்து வயது வரையான பிள்ளைகளின் பராமரிப்புக்கும் கற்றலுக்குமான அரசு விதிகள்) இருக்கிறது, அரசு இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். ஒரு தடவை நிதானமாகப் படித்துவிடுங்கள், பாதி பயம் அங்கேயே போய்விடும். பாலிசிகளை எழுத்தில் வைத்திருக்க வேண்டிய கட்டாயம் சைல்ட்மைண்டருக்கு இல்லை என்று அதிலேயே இருக்கிறது. ஆனால் பெற்றோரோ இன்ஸ்பெக்டரோ கேட்டால் வாயால் விளக்கத் தெரிந்திருக்க வேண்டும். காசு கொடுத்து வாங்கிய பாலிசியில் இதுதான் சிக்கல், அதில் என்ன இருக்கிறது என்று வாங்கினவருக்கே தெரிவதில்லை. அபாய மதிப்பீடும் அப்படித்தான், எது எழுதி வைத்தால் உதவும் என்று நீங்களே முடிவு செய்யலாம். மாடிப்படிக் கதவு பூட்டியிருக்கிறதா என்று தினமும் படிவத்தில் டிக் போடுவதைவிட, கதவைப் பூட்டுவது மேல்.

அதற்காக எழுத்தே வேண்டாம் என்று சொல்லவில்லை. சிலவற்றில் சமரசமே கிடையாது. பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, பெற்றோர் விவரம், யாருக்குப் பெற்றோர் பொறுப்பு இருக்கிறது, பிள்ளை யாரோடு வசிக்கிறது, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது, இவ்வளவும் கையில் இருக்க வேண்டும். தினமும் எந்தப் பிள்ளை எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் போனது என்பதை அன்றன்றே குறிக்க வேண்டும், வெள்ளிக்கிழமை உட்கார்ந்து ஐந்து நாளுக்கும் சேர்த்து எழுதுகிற பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். அடிபட்டால் என்ன நடந்தது, என்ன முதலுதவி செய்தீர்கள் என்ற குறிப்பு வேண்டும். மருந்து என்றால் ஒவ்வொரு மருந்துக்கும் பெற்றோரின் எழுத்து அனுமதி தேவை, கொடுத்த ஒவ்வொரு முறையும் பதிவு தேவை, அன்றைக்கே பெற்றோருக்குச் சொல்லவும் வேண்டும். (காலையில் வீட்டிலேயே கால்பால் காய்ச்சல் மருந்தைக் கொடுத்துவிட்டுச் சொல்லாமல் போகும் அப்பாக்கள் உண்டு. கடைசி வேளை எப்போது கொடுத்தீர்கள் என்று வாசலிலேயே கேட்டு எழுதிவிடுங்கள்.) யாராவது புகார் கொடுத்தால் அதையும் பதிந்து, விசாரித்து, 28 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். இரண்டு வயதுக்கும் மூன்று வயதுக்கும் இடையில் ஒரு முன்னேற்ற அறிக்கை, அதுவும் சுருக்கமாக. பிள்ளைகளின் விவரமோ படமோ போனிலோ கம்ப்யூட்டரிலோ இருந்தால் தகவல் பாதுகாப்புக் கட்டணம் கட்டியாக வேண்டும், சின்னத் தொழிலுக்கு இப்போது வருடத்துக்கு 52 பவுண்ட்.

உங்கள் இரவைத் தின்பது இவையெல்லாம் இல்லை. அந்தப் படம் ஒட்டும் ஃபைல்தான். வளர்ச்சியை மதிப்பிடுகிறேன் என்று பிள்ளையை விட்டுவிட்டு நெடுநேரம் எழுதக் கூடாது, அளவுக்கு மீறிய காகித வேலை கூடாது என்று விதியே சொல்கிறது. நீங்கள் அறிந்ததை நிரூபிக்க ஆதாரம் சேர்த்துக் காட்டச் சொல்லி யாரும் கேட்கக் கூடாது என்றும் இருக்கிறது. எழுத ஆசையாக இருந்தால் ஒரு சாதாரண நோட்டில் இரண்டு வரி எழுதுங்கள். "இன்று சாக்ஸைத் தானே போட்டான், குதிகால் மேலே வந்துவிட்டது, கழற்றிவிட்டு மறுபடி போட்டான். உதவிக்குப் போனால் கையைத் தட்டிவிட்டான்." அவ்வளவு போதும். அந்தப் பிள்ளையின் விரல் எவ்வளவு தேறியிருக்கிறது, பொறுமை எவ்வளவு வந்திருக்கிறது, அடுத்து பட்டன் போடப் பழக்கலாமா என்று எல்லாம் இதில் இருக்கிறது. பிள்ளை சிரித்துக்கொண்டு நிற்கும் பன்னிரண்டு படத்தில் இதில் எதுவும் இல்லை. பெற்றோருக்குப் படம் பிடிக்கும் என்றால் ஒன்று அனுப்புங்கள், அது தனி விஷயம்.

கேள்வி: ஆஃப்ஸ்டெட் நம்பர் போனில் வந்தாலே வயிற்றைக் கலக்குகிறது. போன தடவை சோதனைக்கு வந்தபோது "குட்" வாங்கினேன். இப்போது முறையே மாறிவிட்டதாமே, எப்படித் தயாராவது?

பதில்: மாறிவிட்டது. 2025 நவம்பர் 10 முதல் மொத்தத்துக்கும் சேர்த்து ஒற்றை வார்த்தைத் தீர்ப்பு கிடையாது. ஒவ்வொரு அம்சத்துக்கும் தனித்தனியாக ஐந்து படிகளில் ஒன்று, பிள்ளைப் பாதுகாப்புக்கு மட்டும் "நிறைவேறியது" அல்லது "நிறைவேறவில்லை". நடுப்படிக்குப் பெயரே எதிர்பார்க்கப்படும் தரம். பழைய "குட்" வாங்கியவர்கள் இதைப் பார்த்து இறங்கிவிட்டோம் என்று நினைக்கிறார்கள், அப்படி நினைக்க வேண்டியதில்லை. பெற்றோருக்கு இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள், அறிக்கை வந்த பிறகு விளக்கினால் சமாளிக்கிற மாதிரித் தெரியும்.

சைல்ட்மைண்டர் என்றால் வழக்கமாக முன்னால் போன் செய்துவிட்டுத்தான் வருவார்கள், அதிகபட்சம் ஐந்து வேலைநாள் முன்பு. நீங்கள் வீட்டில் இருப்பீர்களா, பிள்ளைகள் இருப்பார்களா என்று பார்க்கத்தான். சொல்லாமல் வரவும் அவர்களுக்கு உரிமை உண்டு, புகார் ஏதாவது போயிருந்தால் அப்படி நடக்கலாம். போன் வந்தால் எந்தெந்தக் கிழமை எந்தப் பிள்ளை இருக்கும், எந்த நாள் பூங்காவுக்குப் போவீர்கள் என்பதை அப்போதே சொல்லிவிடுங்கள். அப்புறம் அந்த ஐந்து நாளும் வீட்டைத் தலைகீழாகப் புரட்டிப் புது பொம்மை வாங்கி அடுக்காதீர்கள். புது பொம்மையைப் பார்த்தால் பிள்ளைகள் அன்று முழுக்கச் சண்டை போடுவார்கள், அதுதான் இன்ஸ்பெக்டர் கண்ணில் படும்.

வந்தவரிடம் அடையாள அட்டை கேட்டுப் பார்த்துவிட்டே உள்ளே விடுங்கள், அவமரியாதை என்று தயங்க வேண்டாம். கேட்காமல் விட்டால்தான் தப்பு. அன்று அதிகமாக நடப்பது பேச்சுதான். இந்தப் பிள்ளைக்கு இப்போது எது வரவில்லை, அதற்கு என்ன செய்கிறீர்கள், பிள்ளையின் முதுகில் காயத்தழும்பு பார்த்தால் யாரிடம் சொல்வீர்கள், உங்கள் கணவர் மீதே ஒரு குற்றச்சாட்டு வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்பார்கள். கடைசிக் கேள்வியில் பலர் கோபப்பட்டுவிடுகிறார்கள். கோபப்படாமல், கவுன்சிலில் இப்படிப்பட்ட குற்றச்சாட்டுகளைக் கவனிக்கும் லேடோ அதிகாரிக்கும் ஆஃப்ஸ்டெட்டுக்கும் தெரிவிப்பேன் என்று நேராகச் சொல்லுங்கள். அந்த எண்களை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வையுங்கள். பதில்களைச் சமைத்துக்கொண்டே வாய்விட்டு ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். தெரிந்த விஷயம்கூடப் பதற்றத்தில் ஆங்கிலத்தில் வராது.

சாப்பாட்டு நேரத்தையும் கவனியுங்கள். 2025 செப்டம்பரிலிருந்து, பிள்ளைகள் சாப்பிடும்போது நீங்கள் பார்க்கவும் கேட்கவும் முடிகிற இடத்தில், முடிந்தவரை அவர்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்க வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தில் பாத்திரம் கழுவலாம் என்று நம் கை தானாக ஸிங்க் பக்கம் போகும். போகாமல் பாருங்கள், இன்ஸ்பெக்டர் இருந்தாலும் இல்லாவிட்டாலும். தொண்டையில் திராட்சை சிக்கிய பிள்ளை சத்தமே போடாது. அதே மாதத்திலிருந்து, சொல்லாமல் பிள்ளை வராமல் இருந்தால் என்னவென்று விசாரிக்கவும் வேண்டும்.

கேள்வி: நான் பார்க்கும் பிள்ளைகளில் இரண்டு பேர் தமிழ்ப் பிள்ளைகள். அவர்களோடு தமிழில் பேசுகிறேன். இன்ஸ்பெக்டர் வரும் நாளில் நிறுத்திவிட வேண்டுமா?

பதில்: வேண்டவே வேண்டாம். வீட்டு மொழியை விளையாட்டிலும் கற்றலிலும் பயன்படுத்த வாய்ப்புத் தர வேண்டும் என்று விதியிலேயே இருக்கிறது, பள்ளி சேர்வதற்குள் ஆங்கிலமும் நன்றாக வர வேண்டும் என்பது அதோடு சேர்ந்த நிபந்தனை. மற்றப் பிள்ளைகள் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருக்காதபடி இரண்டையும் கலந்து பேசினால் சரி. பதிவுகள் மட்டும் ஆங்கிலத்தில் இருக்கட்டும், ஆம்புலன்ஸ் ஆட்கள் வந்து படிக்க வேண்டியிருக்கலாம்.

கேள்வி: என் மகனுக்கு வரும் மாதம் 16 வயது. இதற்கும் ஏதாவது பேப்பர் உண்டா?

பதில்: உண்டு. வீட்டில் இருக்கும் 16 வயதுக்காரரும் உங்கள் பதிவோடு சேர்ந்தவர்தான். ஆஃப்ஸ்டெட்டுக்குத் தெரிவித்து அவருக்கு டிபிஎஸ் என்ற குற்றப் பின்னணிச் சோதனை எடுங்கள், அது முடியும் வரை பிள்ளைகளோடு அவரைத் தனியாக விடாதீர்கள், ஐந்து நிமிடம் கடைக்குப் போய் வருவதற்குக்கூட. தம்பி முகம் சுளிப்பார், சுளிக்கட்டும். அப்படியே உங்கள் முதலுதவிச் சான்றிதழின் தேதியையும் எடுத்துப் பாருங்கள். மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், சனிக்கிழமை வகுப்புகள் சீக்கிரம் நிரம்பிவிடும்.